பேர் நின்ற பிறகு

இலங்கையில் ஊவா மாகாணத்தின் தேயிலைத் தோட்டங்களில் வேலையும் கூரையும் ஒரே கணக்கில் எழுதப்பட்டவை. தொழிலாளர் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் பேர் இருக்கும்வரை, லயம் என்ற வரிசைக் குடியிருப்பில் ஒரு காம்பரா உண்டு. பேர் நின்ற பிறகு அதே காம்பராவில் தொடர்ந்திருக்க மகனோ மருமகளோ அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிக்க வேண்டும், அல்லது கவ்வாத்து வெட்ட வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஓர் அறை, முன்னால் இஸ்தோப்பு, பின்னால் புகை படிந்த தகரச் சாய்ப்பு. நான்கு தலைமுறை அதிலேயே பிறந்து இறந்திருந்தாலும் குடியிருப்பவர் அங்கே சொந்தக்காரரும் அல்ல, வாடகைக்காரரும் அல்ல. வாடகை கட்டாததால் கையில் பற்றுச்சீட்டு இல்லை. பற்றுச்சீட்டு இல்லாததால் வாடகைக்காரருக்குச் சட்டம் தரும் சிறு பாதுகாப்பும் இல்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு நிலம் அரசின் கைக்குப் போனது. 1992இல் நிர்வாகம் நீண்டகாலக் குத்தகையில் கம்பனிகளிடம் வந்தது. துரைமார் மாறினார்கள், பெயர்ப்பலகை மாறியது, காம்பராவில் இருப்பவரின் உரித்து மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. இந்த மண்ணில் வளர்ந்தவருக்கு ஓய்வுகாலப் பாதுகாப்பு என்றதும் வங்கிப் புத்தகம் முதலில் நினைவுக்கு வருவதில்லை. பசறையிலோ பண்டாரவளையிலோ மொனராகலை நகர ஓரத்திலோ சொந்தப் பத்திரத்தோடு ஒரு துண்டு உறுதிக் காணி, அதில் ஒரு கல்வீடு, முடிந்தால் அதோடு ஒட்டி வாடகைக்கு விட இரண்டு அறைகள் என்றுதான் கனவு விரிகிறது. அந்தக் கனவில் நியாயம் இருக்கிறது. அதன் அடியில் ஒரு நெருடலும் கிடக்கிறது. கூரைக்காக வாழ்நாள் முழுவதும் இன்னொருவரின் தயவில் இருந்தவர், முதுமையில் இன்னொருவரின் கூரைத் தேவையைக் கொண்டு சாப்பிடத் திட்டமிடுகிறார். இது விடுதலையா, வெறும் இடமாற்றமா என்ற கேள்வி எளிதில் அடங்குவதில்லை.

கனவு தொடங்கும் நாள், கையில் ஒரே தடவையாகப் பணம் வரும் நாள். 1958இன் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதியில் தொழிலாளியின் 8 சதவீதமும் தொழில் தருநரின் 12 சதவீதமும் சேர்கின்றன; ஆண் 55 வயதிலும் பெண் 50 வயதிலும் எடுக்கலாம். 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி இன்னொரு 3 சதவீதம். 1983இன் பணிக்கொடைச் சட்டம் நாட்கூலித் தோட்டத் தொழிலாளிக்கு வேலைசெய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் தருகிறது. 2024இல் நிர்ணயமான 1,350 ரூபா நாட்சம்பளத்தை வைத்துப் பார்த்தால் வருடத்துக்கு 18,900. முப்பது வருடம் மலையேறி இறங்கியவருக்கு 5,67,000 ரூபா. சேமலாப நிதியையும் சேர்த்தால் தொகை பெருகும். ஆனால் அந்த நிதி பெரும்பாலும் பழைய, மிகச் சிறிய சம்பளங்களிலிருந்து சேர்ந்தது என்பதை மறக்கக் கூடாது. அந்தப் பணம் வந்து சேர்வதற்கு முன்பே அதற்கான வாய்கள் திறந்திருக்கும்: அடகுக் கடையிலிருக்கும் நகை, மகள் கலியாணம், மகனை வெளிநாடு அனுப்ப முகவருக்குக் கட்ட வேண்டிய பணம், சீட்டுப் பாக்கி. 2012இன் திருத்தம், ஓய்வுக்கு முன்பே நிதியிலிருந்து 30 சதவீதத்தை வீட்டுக்காகவும் சிகிச்சைக்காகவும் எடுக்க வழி திறந்தது. உறுதிக் காணி இல்லாதவர் அந்தப் பணத்தைக் கொண்டு எங்கே வீடு கட்டுவது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. ஆகவே வாடகை வீடு என்ற முதலீடு, உண்மையில், கொழுந்து பறித்தவரின் கையில் நேரடியாகக் கூடுவது அரிது. கூடுவது அவருடைய பிள்ளைகளின் கையில்: கொழும்பில் கடையில் நின்று சேர்த்த மகன், வளைகுடாவில் வீட்டு வேலைசெய்து பணம் அனுப்பிய மகள், தோட்டப் பாடசாலைகளில் ஆசிரியராக நியமனம் பெற்று முப்பது வருடம் கற்பித்தவர், தோட்டக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். மலையகத்தில் மாதாந்த ஓய்வூதியம் என்ற ஒன்றைப் பெரிய எண்ணிக்கையில் முதன்முதலாகக் கையில் வாங்கிய தலைமுறை இந்த ஆசிரியர்களுடையது. வாடகை பற்றிய யோசனையும் அவர்களிடமிருந்தே பரவியது.

அந்தத் தலைமுறைக்கு 2022 ஒரு கடுமையான பாடம் நடத்தியது. மார்ச் மாதம் ரூபாவின் கட்டு அவிழ்ந்து, டொலர் 200இலிருந்து சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. அதே வருடம் அரச ஊழியரின் ஓய்வு வயது 65இலிருந்து மீண்டும் 60க்கு இறக்கப்பட்டதால், டிசம்பர் 31ஆம் தேதியோடு பெருந்தொகையானோர் ஒன்றாக வெளியே வந்தார்கள். பத்து வருடமாக மனதில் கணக்குப் போட்டு வைத்திருந்த தொகை கையில் விழுந்தபோது அதனால் வாங்கக்கூடிய சீமெந்து மூட்டைகளும் கம்பிகளும் பாதியாகக் குறைந்திருந்தன. வங்கிகள் அப்போது வைப்புக்கு 20 சதவீதத்துக்கு மேல் வட்டி தந்தன. அதை நம்பிப் போட்டவர்களுக்கு 2024இல் வட்டி ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியபோது மாதச் செலவுக்கான வரவு பாதிக்கும் கீழே போனது. முதியோரின் வைப்புக்கு அரசு மானியத்தோடு வழங்கப்பட்ட 15 சதவீத விசேட வட்டியும் 2022 ஒக்டோபரோடு நின்றிருந்தது. இந்த அனுபவத்திலிருந்து பலரும் எடுத்த முடிவு ஒன்றே: பணம் கரையும், கட்டடம் கரையாது. பாதி உண்மையுள்ள முடிவு இது. நாட்டின் நாணயம் சரியும்போது செங்கல்லின் விலை ஏறும் என்பது சரி. அந்தச் செங்கல்லுக்குள் குடியிருப்பவரின் சம்பளமும் அதே வேகத்தில் ஏறினால்தான் வாடகை ஏறும். 2022இல் அது ஏறவில்லை. மொனராகலையிலும் பதுளையிலும் வாடகைக்கு இருந்த ஆசிரியரும் தாதியும் அரிசிக்கும் பருப்புக்குமே திணறிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் வாடகையை இரட்டிப்பாக்கிக் கேட்க மனச்சாட்சியும் இடங்கொடுக்கவில்லை, சந்தையும் இடங்கொடுக்கவில்லை.

கணக்கை ஒருமுறை விரித்துப் பார்ப்பது நல்லது. எடுத்துக்காட்டாக, கையிலிருக்கும் காணியில் 40 இலட்சம் ரூபா செலவில் இரண்டு அறை, குசினி, கழிப்பறை, தனி வாசலோடு ஓர் அனெக்ஸ் கட்டப்படுகிறது என்றும் மாத வாடகை 20,000 என்றும் வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 2,40,000; போட்ட பணத்தில் 6 சதவீதம். இடமாற்றத்தில் ஒருவர் போய் இன்னொருவர் வரும்வரை ஒரு மாதம் காலி. வண்ணம், குழாய், கூரை ஓடு, பிரதேச சபைக்கு மதிப்பீட்டு வரி என்று ஒரு 40,000 கழித்தால் மிஞ்சுவது 1,80,000, அதாவது நாலரை சதவீதம், மாதம் 15,000. அதே 40 இலட்சத்தை 8 சதவீத வைப்பில் போட்டால் வருடத்துக்கு 3,20,000 வரும், மாதத்துக்கு ஏறத்தாழ 26,700. வாடகை வருடத்துக்கு 5 சதவீதம் ஏறி, வட்டி அப்படியே நின்றால், முன்னது பின்னதை எட்டிப்பிடிக்கப் பன்னிரண்டு வருடம் பிடிக்கும். அறுபதில் ஓய்வு பெற்றவருக்கு அப்போது எழுபத்திரண்டு. இந்தச் சிறிய கணக்கிலேயே பல தெளிவுகள் கிடைக்கின்றன. வாடகை, ஓய்வு பெறும் நாளன்று தொடங்க வேண்டிய காரியம் அல்ல; நாற்பது, நாற்பத்தைந்து வயதில் தொடங்கியவருக்கே அது அறுபதில் உண்மையான துணையாக நிற்கும். நீண்ட நாள் வாழப்போகிறவருக்கே அதன் பலன் அதிகம், அதாவது பெரும்பாலான வீடுகளில் கணவருக்குப் பின்னும் இருக்கப்போகும் மனைவிக்கு. வங்கிக் கடன் எடுத்துக் கட்டினால் கணக்கே கவிழ்ந்துவிடும், ஏனென்றால் இந்த நாட்டில் வங்கிக் கடன் வட்டி வழக்கமாக நாலரை சதவீதத்துக்கு வெகு மேலேதான் நிற்கிறது. வாடகை கடனை அடைத்துவிடும் என்று விற்பனையாளர் சொல்வதைக் கேட்டுப் பணிக்கொடைப் பணத்தை முற்பணமாகக் கட்டிய குடும்பங்கள், இறுதியில் ஓய்வூதியத்தையே தவணைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் நிலைக்கு வந்து நிற்கின்றன.

யார் வாடகைக்கு வருகிறார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. மொனராகலை மாவட்டத் தலைநகரம். மரகல மலையின் அடியில் கச்சேரி, மாவட்டப் பொது வைத்தியசாலை, நீதிமன்றம், வங்கிகள், பாடசாலைகள் எல்லாம் சிறு வட்டத்துக்குள் நெருங்கி நிற்கின்றன. ஆகவே இங்கே வாடகைக்கு வருபவர் பெரும்பாலும் இடமாற்றத்தில் வந்த உத்தியோகத்தர். சம்பளம் ஒழுங்காக வரும், வாடகையும் ஒழுங்காக வரும், இரண்டு மூன்று வருடத்தில் சொந்த ஊருக்கு மாற்றம் கிடைத்ததும் போய்விடுவார். வெள்ளிக்கிழமை மாலை பஸ் நிலையத்தில் பையோடு நின்று, திங்கள் காலை திரும்பி வரும் இவருக்கு வேண்டியது பெரிய வீடல்ல. தண்ணீர் நிற்காத குழாய், வெயிலுக்கு வெக்கை இறங்காத கூரை, பூட்டினால் பூட்டியபடி இருக்கும் கதவு. ஆடி, ஆவணியில் கிணறு வற்றி, பவுசர் தண்ணீருக்கு ஆட்கள் வாளிகளோடு வரிசையில் நிற்கும்போது, நீர்த்தாங்கி உள்ள அனெக்ஸுக்கும் இல்லாத அனெக்ஸுக்கும் உள்ள வித்தியாசம் வாடகையில் தெரியும். பதுளையில் பசறை வீதியில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் வேறொரு சந்தையை உருவாக்கியது. ஓர் அறையில் மூன்று நான்கு மாணவர், ஆளுக்கு இவ்வளவு என்று போர்டிங் பணம். தொகை கூடும், விடுமுறையில் அறை காலியாகும், தேய்மானமும் அதிகம். எல்லவில் 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வரும் வெளிநாட்டவரை நம்பி, இருந்த சேமிப்பையெல்லாம் கொட்டி அறை கட்டியவர்கள் 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, 2020இன் தொற்று, 2022இன் எரிபொருள் வரிசை என்று நாலு வருடத்துக்குள் மூன்று தடவை படுத்தார்கள். பருவத்தில் அள்ளித் தரும் வாடகை இளம் வியாபாரிக்குப் பொருந்தும். மாதம் தவறாமல் மருந்து வாங்க வேண்டிய எழுபது வயதுக்காரருக்கு அது பொருந்தாது. கதிர்காமத்து ஆடித் திருவிழாவுக்கு மட்டும் அறை விடுகிறவர்கள் இதை எப்போதோ உணர்ந்து, மற்ற பதினொரு மாதத்துக்கும் வேறு தொழில் வைத்திருக்கிறார்கள்.

கட்டடத்துக்கு முன்னால் காணி. இந்தக் காரியத்தில் பணத்தைவிடப் பெரிய ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது. மொனராகலையைச் சுற்றியுள்ள நிலத்தில் பெரும்பகுதி அரச காணி. 1935இன் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பெர்மிட் கொடுக்கப்பட்டது, பிறகு சுவர்ணபூமி, ஜயபூமி என்று பெயர் மாறிய அளிப்புகளாக வந்தது. பெர்மிட் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதியில்லாமல் கைமாற்ற முடியாது. அனுமதியில்லாமல் வெள்ளைத்தாளில் எழுதி விற்ற காணியில் வீடு கட்டியவர், எவ்வளவு சீமெந்து போட்டாலும், சட்டத்தின் முன் வெறுங்கையோடுதான் நிற்கிறார். விலை மலிவாக இருப்பதற்குக் காரணம் அதுதான் என்பது வாங்குகிறவருக்கும் உள்ளூரத் தெரியும்; தெரிந்தும், வாழ்நாளில் முதல் தடவை ஒரு காணியைத் தன்னுடையது என்று சொல்லும் ஆசை கண்ணை மறைக்கிறது. உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போய்த் தாய் உறுதியிலிருந்து கீழே இறங்கிப் பார்க்க வேண்டும், காணிப் பதிவகத்தில் தேட வேண்டும், நில அளவைப் படத்தையும் எல்லைக் கல்லையும் ஒப்பிட வேண்டும். பண்டாரவளையில் மலிவான உறுதிக் காணி என்று சொல்லப்படும் துண்டுகள் பல செங்குத்துச் சரிவில் இருக்கின்றன. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டடத்துக்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு வேண்டும் என்பதைப் பலர் ஒரு தொல்லையாகவே பார்க்கிறார்கள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி காலை மலை இறங்கி லயங்களை மூடியதையும், அந்த இடத்தைப் பற்றி முன்பே எச்சரிக்கை இருந்ததையும் அறிந்த மக்கள் இவர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தின் சரிவுகளை மறுபடி உலுக்கியது. வாடகைக்கு வீடு கட்டுகிறவர் தன் பணத்தை மட்டும் அந்தச் சரிவில் வைக்கவில்லை. தனக்குத் தெரியாத ஒரு குடும்பத்தின் உயிரையும் அங்கே வைக்கிறார். லயத்தில் இருந்தவருக்குத் தெரிவு இருக்கவில்லை. வாடகைக்கு விடுகிறவருக்கு இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் மன்னிக்க முடியாதது.

உறுதியான காணியில் கட்டிய வீட்டையும் வாடகைக்கு விட அஞ்சுகிறவர்கள் உண்டு. அந்த அச்சத்துக்கு வரலாறு இருக்கிறது. 1972இன் வாடகைச் சட்டம் வாடகையைக் கட்டுப்படுத்தி, குடியிருப்பவரை எழுப்புவதை மிகக் கடினமாக்கியது. மறு வருடம் வந்த வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டம், எல்லைக்கு மேலான வீடுகளை அரசிடம் சேர்த்து, குடியிருப்பவரே அவற்றை வாங்க வழி செய்தது. பெரிய முதலாளிகளை நினைத்து எழுதப்பட்ட அந்தச் சட்டங்கள், இரண்டு அறை வாடகைக்கு விட்டு அதில் பால்மா வாங்கிய விதவையையும் வழியில் பிடித்தன. அதேநேரம் நகரத்தில் ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்களுக்கு நிலையான கூரையையும் கொடுத்தன. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 2002இன் திருத்தம் அந்தப் பாதுகாப்பின் வட்டத்தைக் குறுக்கியது. 2023இன் முதலாம் இலக்கச் சட்டம், குத்தகைக் காலம் முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து கட்டடத்தை மீட்கச் சுருக்கமான வழி அமைத்தது. அந்த வழியில் போக, குத்தகை முறையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இங்கேதான் ஊர் வழக்கமும் சட்டமும் பிரிகின்றன. 1840இன் மோசடித் தடைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு செய்யப்பட வேண்டும். ஊரிலோ, கடையில் வாங்கிய தாளில் ஒரு வருட ஒப்பந்தம் எழுதி இருவரும் கையொப்பமிட்டு, பக்கத்துக் கடைக்காரரைச் சாட்சியாக வைத்துக்கொள்கிறார்கள். அந்தத் தாள் மனச்சாட்சியைக் கட்டலாம், நீதிமன்றத்தில் ஒரு வருடக் குத்தகையாக நிற்பது கடினம். நொத்தாரிசுச் செலவை வீண் என்று நினைக்கிறவர்களே பின்னால் வழக்குச் செலவுக்குக் காணி உறுதியை அடகு வைக்கிறார்கள்.

சட்டம் தொடாத இன்னொரு ஆபத்தைப் பேசாமல் ஊவாவில் தமிழர் சொத்து வாங்குவதைப் பற்றி எழுத முடியாது. 1983 ஜூலை இறுதியில் பதுளை நகரில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. வாழ்நாள் உழைப்பை ஒரு வீதியில், ஒரு கட்டடத்தில் வைத்தவர்கள் ஒரு பகலில் அதை இழந்து அகதி முகாமில் படுத்தார்கள். எஞ்சியதைக் கேட்ட விலைக்கு விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போனவர்களும் உண்டு. அதற்கு முன்பு, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு எண்ணி ஒதுக்கியபோது, சேமலாபப் பணத்தையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போன குடும்பங்கள் நிலத்தில் எதையும் வைத்திருக்காததால் விட்டுப் போக எதுவும் இருக்கவில்லை. தூக்கிப்போக முடிந்ததே பாதுகாப்பு என்று நகையில் பணத்தை வைக்கும் பழைய வழக்கம் அறியாமையால் வந்ததல்ல, அனுபவம் கற்றுக்கொடுத்தது. இன்று ஒரு மலையகக் குடும்பம் தன் சேமிப்பு முழுவதையும் நகர்த்த முடியாத ஒரு பொருளில் வைக்கிறது என்றால், அது இந்த நாட்டின்மீது, அயலவர்மீது வைக்கும் மிகப் பெரிய நம்பிக்கை. அந்த நம்பிக்கையை எந்த அரசியல்வாதியும் இதுவரை அதற்குரிய மரியாதையோடு பார்த்ததாகத் தெரியவில்லை. தோட்டங்களில் ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் தருவதாக வந்த வாக்குறுதிகள், இந்திய உதவியோடு கட்டப்படும் 550 சதுர அடி வீடுகள், அவற்றுக்கான உறுதிகள் எல்லாம் மெல்லவே நகர்கின்றன. சொந்தக் காணி கையில் வருமுன் ஓய்வு வயது வந்துவிடுகிறது.

இனி, தொடக்கத்தில் சொன்ன அந்த நெருடல். பசறைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து கொழும்பில் துணிக்கடையில் வேலைசெய்யும் பெண், வத்தளையிலோ வெள்ளவத்தையிலோ நான்கு பேரோடு ஓர் அறையைப் பங்கிட்டு வாடகை கட்டுகிறாள். எட்டு மணிக்குப் பிறகு வாசல் பூட்டு, விருந்தாளி வரக் கூடாது, சமைக்கக் கூடாது, அடுத்த மாதம் முதல் ஆயிரம் கூட. அவள் மிச்சம்பிடித்து அனுப்பும் பணத்தில் பதுளையில் எழும்பும் அனெக்ஸில், வெல்லவாயவிலிருந்து வந்த ஓர் இளம் தாதி குடியிருக்கிறாள். அவளுக்கும் அதே எட்டு மணி, அதே ஆயிரம். ஒரே குடும்பம் ஒரு முனையில் வாடகை கட்டுகிறது, மறுமுனையில் வாடகை வாங்குகிறது. தன் மகள்மீது போடப்பட்ட விதிகளை வேறொருவரின் மகள்மீது போடுவதில் குடும்பத்துக்கு எந்தக் கூச்சமும் தோன்றுவதில்லை என்பதுதான் உறுத்துகிறது. பெயரைக் கேட்டுவிட்டு அறை இல்லை என்று சொல்லும் வழக்கம் கொழும்பில் தமிழர்களை வாட்டியது. அதே கேள்வியை இங்கே தமிழ் வீட்டுக்காரரும் கேட்கிறார், சாதியையும் சேர்த்துக் கேட்கிறார். வாடகையில் வாழும் முதுமை பாதுகாப்பானது என்றால், அந்தப் பாதுகாப்பு வாடகைக்காரரின் நிச்சயமின்மையிலிருந்து பிழிந்தெடுக்கப்பட்டதாக இருக்க வேண்டியதில்லை. மூன்று வருடம் தங்கப்போகும் உத்தியோகத்தருக்கு மூன்று வருடத்துக்கே நொத்தாரிசுக் குத்தகை எழுதி, வருட உயர்வை முன்பே ஒத்துக்கொண்டால் இரு பக்கமும் நிம்மதி. காலி மாதம் குறையும், வீடும் தன் வீடு போலப் பார்க்கப்படும். மேலே போட்ட கணக்கில், ஒவ்வொரு காலி மாதமும் வருட வரவில் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. ஆளை மாற்றி மாற்றி ஆயிரம் கூட்டி வாங்குகிறவர், பொறுமையாக ஒருவரையே வைத்திருப்பவரைவிடக் குறைவாகவே சம்பாதிக்கிறார். நியாயமாக நடப்பது இங்கே நட்டமல்ல. ஆனால் நட்டமாக இருந்தாலும் அப்படித்தான் நடக்க வேண்டும் என்று சொல்லும் துணிவு, லயத்தில் வளர்ந்த நினைவுள்ளவருக்கு மற்ற யாரையும்விட அதிகம் இருக்க வேண்டும்.

வாடகை என்பது உட்கார்ந்து வாங்கும் பணம் என்ற எண்ணமும் வயதோடு உதிர்கிறது. ஐப்பசி மழைக்குக் கூரை ஒழுகினால் ஏணி வைக்க வேண்டும், பம்பு பழுதானால் இரவில் எழும்ப வேண்டும், மின்கட்டணத் தகராறைப் பேசித் தீர்க்க வேண்டும், புதிதாக வருபவரின் முகத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். அறுபத்தைந்தில் இது நேரத்தைப் போக்கும் வேலை, எண்பதில் பாரம். வேறு ஊரில் இருக்கும் வீட்டை மகனுடைய நண்பர் மூலம் பராமரிக்கிறவர்களுக்கு, வாடகை அந்த நண்பரின் நல்லெண்ணத்தில் தொங்குகிறது. ஆகவே, எளிமையான முதுமைக்கு இந்தப் பகுதியில் பொருந்துவது தான் குடியிருக்கும் வீட்டோடு ஒட்டிய, கடனில்லாமல் கட்டிய, ஒன்றோ இரண்டோ சிறு வாடகைப் பகுதி மட்டும். ஒரு முற்றத்தைப் பகிரும்போது வாடகைக்காரர் காலையில் கதவு திறக்கவில்லை என்றால் வீட்டுக்காரர் தட்டுவார். வீட்டுக்கார அம்மாவுக்கு நெஞ்சு வலித்தால் பக்கத்தில் வாடகைக்கு இருக்கும் தாதிதான் முதலில் ஓடி வருவாள். எந்தக் கணக்கிலும் வராத இந்த அயல், பிள்ளைகள் எல்லோரும் வெளியூர் போய்விட்ட மலையக வீடுகளில் பணத்துக்குச் சமமானது. அதோடு, ஒரு வருட மருத்துவச் செலவுக்கும் பழுது பார்ப்பதற்கும் போதிய பணத்தை வைப்பில் வைத்திருப்பது கட்டாயம். நெஞ்சு அறுவைச் சிகிச்சைக்கு அனெக்ஸின் ஒரு சுவரை மட்டும் விற்க முடியாது.

எஞ்சுவது, இந்தச் சொத்து யாருக்கு எப்போது போகும் என்ற விஷயம். பிள்ளைகள் கேட்கும்போது பெற்றோர் நன்கொடை உறுதி எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்ற சில வருடத்துக்குள், மகனின் வெளிநாட்டுப் பயணத்தையோ மகளின் கலியாணத்தையோ முன்னிட்டு. அப்படி எழுதும்போது சீவிய உரித்தைத் தமக்கு வைத்துக்கொள்ளாவிட்டால், வாடகை அன்றிலிருந்தே சட்டப்படி பிள்ளைக்குரியது. சீவிய உரித்து வைத்தால் இறக்கும்வரை வீட்டில் இருக்கவும் வாடகையை வாங்கவும் உரிமை பெற்றோரிடம் இருக்கும். அதைக் கணவன் பெயரில் மட்டும் எழுதாமல், இருவரில் பின்னால் இருப்பவர்வரை என்று எழுதுவது மிக முக்கியம். மேலே பார்த்தபடி, வாடகையின் பலன் கனியும் வயதில் உயிரோடு இருப்பவர் பெரும்பாலும் மனைவிதான். நன்கொடை உறுதியை எளிதில் மாற்ற முடியாது. நன்கொடையைப் பெற்ற பிள்ளை மிக நன்றிகெட்ட முறையில் நடந்தால் அதை நீதிமன்றத்தின் மூலம் நீக்கும் வழி பழைய உரோம–டச்சுச் சட்டத்தில் இருந்தது, 2017இல் அதற்கெனத் தனிச் சட்டமும் வந்தது. 2000இன் முதியோர் உரிமைச் சட்டம், பராமரிக்காத பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரி அதற்கென அமைந்த சபையை நாடவும் இடமளிக்கிறது. மலையகத்தில் இவற்றை நாடும் பெற்றோர் குறைவு. பெற்ற பிள்ளைமேல் வழக்குப் போடுவதைவிட மறுபடி ஒரு லயக் காம்பராவில் ஒதுங்குவதை மேலாக நினைக்கிறார்கள். அவர்களை அந்த நிலைக்குத் தள்ளாமல் காப்பது, உறுதி எழுதும் நாளில் நொத்தாரிசு படித்துக் காட்டும், சீவிய உரித்து பற்றிய ஒரே ஒரு வரி. படிப்பறிவு குறைந்த தாய்க்கு அதை அவளுக்குப் புரியும் தமிழில், பிள்ளைகள் அறையில் இல்லாத நேரத்தில், ஒருமுறைக்கு இருமுறை விளங்கச் சொல்வது அந்த நொத்தாரிசின் கடமை. பெருவிரல் மை வைப்பதற்கு முன் அந்த வரி உறுதியில் இருக்கிறதா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வது, அவளோடு துணைக்குப் போகிறவர் செய்ய வேண்டிய காரியம்.